நான் சொன்னதாக ஆல்டன் சொன்னவை

ஹார்லோ, நியூ ஹாம்ப்ஷயர்
ஜூன் 20

அன்புள்ள ஆல்டன்,

நேற்றைய விவாதத்தில் சொத்து வரியைப் பற்றி நான் மிக அறிவான ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறேன். நீ தொலைக்காட்சியில் அதை எடுத்துச் சொன்னபோதுதான் எனக்கே தெரியவந்தது. "ராத்திரி சாப்பாடு முடிஞ்சு சமையலறை மேஜையில உக்காந்திருந்தோம். என் மனைவி ஈவெட் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஆல்டன், வரி கட்டறதுக்காக வீட்டை விக்கிறவங்களுக்கு அந்த வரியால என்ன பிரயோஜனம்?'னு கேட்டா" என்றாய். அரங்கமே கைதட்டியது. நானும் இங்கே நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு சிறு திருத்தங்கள். முதலாவது, நான் அப்படிக் கேட்கவில்லை. இரண்டாவது, நம் வீட்டில் சமையலறை மேஜை கிடையாது. நம் பையன் லூக் கல்லூரிக்குப் போன வருஷம் நீயே அதைத் தூக்கி ஃபெர்லாண்டுக்குக் கொடுத்துவிட்டாய். அன்றிலிருந்து நாம் சுவரோரப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி சாப்பிடுகிறோம். அந்த நிலையில் கையைப் பிடிப்பது சிரமம். பிடித்தாலும் முள்கரண்டி இருக்கும் கையைத்தான் பிடிக்க முடியும்.

இன்று காலை ரேமண்ட் ஃபெர்லாண்ட் நாய்க்கு உரிமம் புதுப்பிக்க ஊர் அலுவலகத்தில் என்னிடம் வந்தார்.

"ஈவெட், நேத்து நீ சொன்னே பாரு, நூத்துக்கு நூறு."

"நான் எங்க ரேமண்ட் சொன்னேன்? அவன்ல சொன்னான்."

"அதான் உன் குணம். பெருமையெல்லாம் புருஷனுக்கே விட்டுடுவே. ஆமா, மேஜை எப்போ வாங்கினீங்க?"

ஒரே கட்சிக்காரர்கள் ஐந்து பேர், ஆளுநர் தேர்தலில் கட்சியின் ஒற்றை வேட்பாளர் ஆவதற்காக, ஒருவரையொருவர் 'என் அருமை நண்பர்' என்று அழைத்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் அடித்துக்கொள்வதை முதல் முறையாக முழுதாகப் பார்த்தேன். நீதான் நன்றாகப் பேசினாய். மெலிந்திருக்கிறாய்.

போனில் கூப்பிட்டால் உன் பிரச்சார மேலாளர் ஹாலரன் எடுத்து, "தேர்தல் அலுவலகம்" என்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். போன வாரம் ஒரு தடவை நீயே எடுத்தாய். கூரை ஒழுகுகிறது, என்ன செய்வது என்று கேட்டேன். "முக்கியமான கேள்வி, நீ இதை எழுப்பினதுல எனக்குச் சந்தோஷம்" என்று ஆரம்பித்து, மாநிலத்துப் பள்ளிக்கூடக் கூரைகளைப் பற்றிச் சொல்லி முடித்தாய். நம் கூரை இன்னும் ஒழுகுகிறது.

அன்புடன்,
ஈவெட்


கீன்
ஜூன் 26

என் அன்பு ஈவெட்டுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டேன். பிறகு மறுபடி படித்தேன்.

நான் சொல்வதைக் கேள். ஒரு கேள்விக்கு எங்களுக்கு ஒரு நிமிஷம். எதிரே மூன்று விளக்குகள் இருக்கும். மஞ்சள் எரிந்தால் பதினைந்து நொடி பாக்கி. சிவப்பு எரிந்தபின் பேசினால் நெறியாளர் "நன்றி, நன்றி" என்பார். அந்த அரங்கில் ஆக முரட்டுத்தனமான சொல் அதுதான். ஒரு நிமிஷத்தில் வரிக் கொள்கையை விளக்க முடியாது, ஈவெட். எண்களைச் சொன்னால் ஜனங்கள் எழுந்துபோய் ஐஸ்பெட்டியைத் திறக்கிறார்கள். ஒரு மனிதரைச் சொன்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஹாலரன் இதையெல்லாம் ஆராய்ந்து வைத்திருக்கிறார்.

ஆகவே எல்லோரிடமும் ஒரு மனிதர் உண்டு. ஸ்டர்ஜிஸிடம் லாக்கோனியாவில் ஒரு கிழ ராணுவ வீரர். எந்தக் கேள்வி கேட்டாலும் அவர் ஸ்டர்ஜிஸின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறார். பெக் அம்மாளிடம் ராச்செஸ்டரில் இரண்டு வேலை பார்க்கும் உணவகப் பணிப்பெண். அந்தப் பணிப்பெண்ணை யாரும் பார்த்ததில்லை. முகப்பூச்சு போடும் அறையில், "உங்க பணிப்பெண் சௌக்கியமா இருக்காங்களா?" என்று விசாரித்தேன். பெக் அம்மாள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "இருக்கா. உங்க மனைவி?" என்றார்.

எனக்கும் ஒரு மனிதர் வேண்டியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவரை இரவல் வாங்குவதைவிட உன்னை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதில் பொய் குறைவு என்று பட்டது. நீ அப்படிச் சொல்லியிருக்கக்கூடியவள்தானே?

வீட்டைவிட்டு ஏப்ரலில் கிளம்பினது. இங்கே விடுதி அறையில் இரண்டு கட்டில் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் என் காகிதங்கள் தூங்குகின்றன.

அடுத்த வாரம் ஹாலரன் மேஜை விஷயமாக ஆள் அனுப்புவார். கோபித்துக்கொள்ளாதே.

உன்னையே நினைத்திருக்கும்
ஆல்டன்


ஹார்லோ
ஜூலை 9

அன்புள்ள ஆல்டன்,

மேஜை வந்து சேர்ந்தது. பைன் மரம். வாடகைக்கு எடுத்தார்களாம். பழையதாகத் தெரியட்டும் என்று ஹாலரனின் உதவியாளர் அதன்மேல் சாவிக்கொத்தால் நாலு கோடு இழுத்தார். பாவம், வாடகைக்கு விட்டவர்.

படம் எடுக்க என்னை ஒரு பக்கம் உட்காரவைத்தார்கள். எதிர்ப்பக்கம் உனக்குப் பதில் அந்த உதவியாளர், உன்னுடைய பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தார். உன் உயரம், உன் அகலம். "ஏதாவது சொல்லுங்க மேடம், இயல்பா இருக்கும்" என்றார் புகைப்படக்காரர். கூரை ஒழுகுவதைப் பற்றிச் சொன்னேன். அந்த முதுகு மிகவும் கவனமாகக் கேட்டது. எழுந்து போகும்போது, ஏணி எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். இரண்டு ஓடுகளை மாற்றிவிட்டுத்தான் போனார். இப்போது ஒழுகவில்லை.

செவ்வாய்க்கிழமை விவாதத்தையும் பார்த்தேன். இந்த முறை நான் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன். காப்பி ஊற்றிக்கொண்டே பேசினேனாம். நீ உடனே பதில் சொல்லவில்லையாம். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாயாம். பிறகு, "நீ சொல்றது சரி, ஈவெட்" என்றாயாம்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அந்தப் பெண்ணின்மேல் பொறாமையாக இருக்கிறது. அவளுக்குச் சமையலறையில் ஒரு மேஜை இருக்கிறது. அவள் கணவன் எதிரே உட்காருகிறான். அவள் ஒரு வாக்கியம் சொன்னால் அதை நினைவில் வைத்து, ஒரு மாதம் கழித்துக்கூட எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்கிறான். இருபத்தாறு வருஷத்தில் "நீ சொல்றது சரி" என்று என்னிடம் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. வழி தவறி மெய்ன் மாநிலத்துக்குள் போய்விட்டபோதுகூட, "நீ சொல்றதுலயும் விஷயம் இருக்கு" என்றுதான் சொன்னாய்.

அந்தச் சமையலறைக்கு எப்படிப் போவது என்று வழி தெரிந்தால் எழுது.

ஈவெட்


மான்செஸ்டர்
ஜூலை 17

என் ஈவெட்,

அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். வழி எனக்கும் தெரியவில்லை. தெரிந்தால் நான் முதலில் போயிருப்பேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன். ஹாலரன் வாக்காளர்களில் சிலரை ஓர் அறையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு குமிழைக் கையில் கொடுத்து, என் பேச்சைப் போட்டுக்காட்டுவார். பிடித்தால் வலப்பக்கம் திருப்ப வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். நான் பாலம் கட்டுவதைப் பற்றிப் பேசும்போது குமிழ்கள் அசைவதில்லை. உன் பெயரைச் சொன்னதும் எல்லாம் ஒரே சேர வலப்பக்கம் போகின்றன. "அந்தப் பேரைச் சொல்றப்ப உங்க குரல் தணியுது சார். அதைப் பயிற்சியில கொண்டுவர முடியாது" என்றார் ஹாலரன். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓர் இயந்திரம் சான்று கொடுத்த மாதிரி.

கூரை சரியானதில் நிம்மதி. அந்த உதவியாளரின் பெயர் டெல்பர்ட். அவருக்கு நன்றி சொல்லிவிட்டேன்.

ஏங்கியிருக்கும்
ஆல்டன்


ஹார்லோ
ஆகஸ்ட் 8

ஆல்டன்,

இந்தக் கடிதத்தில் நகைச்சுவை கொஞ்சம் குறைவாக இருக்கும், மன்னித்துக்கொள்.

சனிக்கிழமை விவாதத்தில் நம் ஊர் மருத்துவமனையின் பிரசவ வார்டை மூடுவது பற்றிக் கேட்டார்கள். மூடுவதை நீ ஆதரிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். கணக்கு அப்படிச் சொல்கிறது என்றால் நீ அதைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் நீ கணக்கைச் சொல்லவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்திருக்க வேண்டும். கேமராவை நேராகப் பார்த்து, "என் மனைவி அந்த ஊர்க்காரி. அவளே என்கிட்ட சொன்னா: 'ஆல்டன், பொய் நம்பிக்கையைத் திறந்து வச்சிருக்கறதைவிட, கதவை நேர்மையா மூடறது மேல்'னு" என்றாய்.

நல்ல வாக்கியம். கைதட்டினார்கள். இங்கே யாரும் தட்டவில்லை.

திங்கட்கிழமை காலை ஃபெர்லாண்டின் மருமகள் நதீன் கார் பதிவுக்கு வந்தாள். ஏழு மாதம். காகிதங்களை நீட்டினாள், நான் முத்திரை குத்தினேன். பணத்தை எண்ணி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"லூக்கை எங்க பெத்தீங்க, ஈவெட்?"

"இங்கதான்."

"அப்ப கதவு திறந்திருந்துச்சு, இல்ல?"

'அது நான் சொன்னதில்லை, அவன் இட்டுக்கட்டியது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் முகம் மாறியிருக்கும். மதியத்துக்குள் ஊருக்குத் தெரிந்திருக்கும். சாயங்காலம் ஸ்டர்ஜிஸுக்குத் தெரிந்திருக்கும். மறுநாள் நீ வீட்டுக்கு வந்திருப்பாய். அந்தக் கடைசி விஷயத்துக்காகவே சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை. மீதிச் சில்லறையைக் கொடுத்தேன்.

நீ என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? பிப்ரவரியில் தாதிகள் இல்லாமல் அந்த வார்டு ஒரு வாரம் பூட்டிக் கிடந்தது. அப்போது ஒரு பெண்ணுக்கு மூன்றாம் எண் சாலையில், பனிக்குவியலுக்குப் பக்கத்தில், காருக்குள் பிள்ளை பிறந்தது. பிறப்புச் சான்றிதழை நான்தான் எழுதினேன். 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் சாலையின் பெயரை எழுதினேன். அவள் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது எழுத முடியாதா? பெரியவனானா கேப்பானே" என்றாள். சட்டப்படி முடியாது என்றேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். நீ கண்ணாடி முன்னால் நின்று, "என் அருமை நண்பர் ஸ்டர்ஜிஸ் அவர்களே" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கடைசி விவாதம் 31ஆம் தேதி. அதில் திருத்திவிடு. 'அதை ஈவெட் சொல்லவில்லை, நான் சொன்னேன்' என்றால் போதும். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஈவெட்


போர்ட்ஸ்மத்
ஆகஸ்ட் 14

என் அன்பு ஈவெட்,

மன்னிப்புக் கேட்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் வேறெங்கோ போய் முடிக்கிறேன் என்று நீ நினைப்பாய்.

அது கட்டிய வாக்கியம்தான். கேள்வி வந்தபோது என்னிடம் இருந்தது ஓர் அறிக்கை, நாற்பது பக்கம். வாய் தானாக உன் பெயரைச் சொல்லிவிட்டது. சொல்லி முடித்தபின்தான் நீ பிறந்த ஊர் அது என்பது உறைத்தது. லூக் பிறந்த இரவு அந்த வார்டின் வெளியே நாற்காலியில் நான் தூங்கிவிழுந்ததும் ஞாபகம் வந்தது. அதற்குள் சிவப்பு.

திருத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேடையில் 'பொய் சொன்னேன்' என்பவர் இறங்கும்போது வேட்பாளராக இறங்குவதில்லை. ஹாலரன் வேறொரு யோசனை சொல்கிறார். அந்த மூன்றாம் எண் சாலைக் குழந்தை. "பெரியவனானா கேப்பானே" என்ற இடத்தைப் படித்ததும் ஹாலரன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். ஹாலரன் எதற்கும் கோப்பையை வைப்பவர் இல்லை. நான் அதைச் சொல்லி, 'என் மனைவி என் மனத்தை மாற்றினாள், வார்டு திறந்திருக்கும்' என்று அறிவித்துவிட்டால், உன் பெயரும் மீளும், ஊருக்கும் நல்லது, எனக்கும் பாதகமில்லை. நீ சரி என்றால் மட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
ஆல்டன்


ஹார்லோ
ஆகஸ்ட் 19

ஆல்டன்,

என் கடிதத்தை ஹாலரனுக்குக் காட்டியிருக்கிறாய்.

சரி என்று சொல்லமாட்டேன். அந்தப் பெண் அதை அலுவலக மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, கீழ்க்குரலில், என்னிடம் சொன்னாள். நான் அதை உன்னிடம் சொன்னேன். அது அங்கேயே நின்றிருக்க வேண்டும். அந்தப் பையன் பெரியவனாகிக் கேட்கும்போது, 'உன்னை வைத்து ஒருவர் ஆளுநர் ஆனார்' என்று அவள் சொல்ல வேண்டிவரக் கூடாது.

புதன்கிழமை கான்கார்டிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். பண்பான மனிதர், நாய் உரிம வரிசையில் நின்றுதான் வந்தார்.

"மிஸஸ் விட்சர், அதை உண்மையிலேயே நீங்கதான் சொன்னீங்களா?"

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"வீட்ல பேசினதெல்லாம் யார் சொன்னதுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

சிரித்துவிட்டுப் போய்விட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னேன், கவனித்தாயா? நானும் உங்கள் ஐந்து பேர் வரிசையில் ஆறாவதாக நிற்கலாம்.

ஊரில் யாரும் சண்டை போடவில்லை. அது நம் ஊர் வழக்கமும் இல்லை. 'குட்மார்னிங்'கில் ஈவெட் என்ற பெயரை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்றால் இது இவ்வளவு கஷ்டமாக இருக்காது. 31ஆம் தேதி. நீ சொன்னதை நீயே எடுத்துக்கொள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ஈவெட்


மான்செஸ்டர்
செப்டம்பர் 1

என் ஈவெட், என் ஈவெட்,

பார்த்தாயா? பார்த்திருப்பாய். ஆனாலும் எழுதுகிறேன்.

ஸ்டர்ஜிஸே அதை எடுத்தார். "என் அருமை நண்பர் விட்சர் எப்பவும் மனைவியை மேற்கோள் காட்டறார், அவங்களைத்தான் மேடையில காணோம்" என்றார். பெயரைச் சொல்லிச் சாடினால் சாடப்பட்டவருக்கு முப்பது நொடி உண்டு. நான் அந்த முப்பது நொடியில் சொன்னேன்: "அவர் சொல்றது சரி. மருத்துவமனையைப் பத்தி என் மனைவி சொன்னதா நான் சொன்னது பொய். அவ சொல்லல. நானே கட்டினேன். அஞ்சு மாசமா நான் வீட்டுக்குப் போகல. அவகூடப் பேசணும்கிற ஏக்கத்துல, பேசினதா நானே கற்பனை பண்ணிக்கிட்டேன். ஈவெட், மன்னிச்சுடு."

அரங்கத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள், ஈவெட். பெக் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மேடையைவிட்டு இறங்கும்போது என் காதருகில் வந்து, "என் பணிப்பெண்ணை இன்னியோட வேலையை விட்டு நிறுத்திட்டேன். போட்டி போட முடியாது" என்றார். ஸ்டர்ஜிஸுக்கு முகம் தொங்கிவிட்டது. காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. பதின்மூன்றாம் தேதி கட்சித் தேர்தலில் ஜெயிப்பது உறுதி என்கிறார் ஹாலரன்.

உன்னிடம் மறைக்க எனக்கு எதுவும் இல்லை. ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மன்னிப்பு வாக்கியத்தை நான்தான் ஹாலரனிடம் கொண்டுபோனேன். உன் கடிதம் வந்த அன்றே எழுதிவிட்டேன். முதலில் அவர் முடியவே முடியாது என்றார். பிறகு நாஷுவாவில் ஒரு குழுவுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றார். நான் எழுதியிருந்தது 'தனிமையில்' என்று. அந்தச் சொல்லுக்குக் குமிழ்கள் இடப்பக்கம் போயின. தனியாக இருப்பவர் ஆளுநராக இருப்பதை யாரும் விரும்புவதில்லையாம். 'ஏக்கத்தில்' என்று மாற்றிப் போட்டதும் எல்லாம் வலப்பக்கம். 'மன்னிச்சுடு' என்பதற்கு முன்னால் உன் பெயர் வரட்டும் என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

ஆனால் சோதிப்பதற்கு முன்னாலேயே அது உண்மையாக இருந்தது. அதை நீ நம்ப வேண்டும். மேடையில் நின்று அதைச் சொன்னபோது விளக்கு என் கண்ணுக்குத் தெரியவில்லை.

என்றும் உன்
ஆல்டன்


ஹார்லோ
செப்டம்பர் 5

அன்புள்ள ஆல்டன்,

நம்புகிறேன். நம்பாமல் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஊர் மண்டபத்தில் பெரிய தொலைக்காட்சி வைத்திருந்தார்கள். நீ என் பெயரைச் சொன்னதும் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நதீன் பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தாள். நான் அழுதேன். ரேமண்ட் தன் தொப்பியைக் கழற்றினார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. வீட்டுக்கு நடந்து வரும்போது என் காதுக்குள் உன் குரல்தான் இருந்தது. அன்றைக்கு நீ வந்திருந்தால் ஒரு கேள்வியும் கேட்டிருக்கமாட்டேன்.

பிறகு உன் கடிதம் வந்தது. இப்போது என் சிக்கல் என்னவென்றால், நான் அழுத இடமும் நாஷுவாவில் குமிழ் திருப்பியவர்கள் திருப்பிய இடமும் ஒன்றாகத்தான் இருக்கும். அவர்களைக் குறை சொல்லவில்லை. நல்ல ரசனை உள்ளவர்கள். ஆனால் உன் ஏக்கத்தை எனக்கு முன்னால் அவர்கள் பார்த்துவிட்டார்கள், ஆல்டன். எனக்கு வந்தது அவர்கள் சரிபார்த்து அனுப்பியது.

ஜெயிப்பாய். ஜெயித்தபின் நவம்பரில் ஆளுநர் தேர்தல்வரை மறுபடி மேடைதான். அதனால் இப்போது கேட்கிறேன். கட்சித் தேர்தலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. தனியாக வா. அன்றைக்கு நாம் பேசுவது எதுவாக இருந்தாலும், சண்டையாகவே இருந்தாலும், அது யாருக்கும் போகக் கூடாது. ஹாலரனுக்கும் இல்லை, கேமராவுக்கும் இல்லை, வருத்தமாக இருக்கும் வாக்காளர் யாருக்கும் இல்லை. நீ வந்தாய் என்பதே தெரியக் கூடாது. என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வராதே. பேசாமல் இருந்தாலும் சரி, பலகையில் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கலாம். எனக்கு அந்தச் சுவர் போதும்.

இதற்கு மட்டும் நேரான பதில் வேண்டும்.

ஈவெட்


கான்கார்ட்
செப்டம்பர் 14

என் அன்பு ஈவெட்டுக்கு,

வருகிறேன். அதுதான் நேரான பதில்.

நேற்று ஜெயித்தோம். ஒரே கூட்டமும் சத்தமுமாக இருந்தது. எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். அத்தனை கைகளுக்கு நடுவே என் கை உன் கையைத் தேடிக்கொண்டே இருந்தது. இதை அழகாக இருக்கட்டும் என்று எழுதவில்லை. அழகாக வந்துவிட்டது, நான் என்ன செய்ய? ஐந்து மாதமாக எதைச் சொன்னாலும் இப்படித்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை உன் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டாள்தனமாக, முடிவில்லாமல், பாதி வாக்கியத்தில் நின்றுபோகும்படி பேச வேண்டும். உன் ரொட்டித் தூள் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கூரையைப் பற்றி நீ மறுபடியும் கேள், நான் கூரையைப் பற்றியே பதில் சொல்கிறேன்.

காலை பத்து மணிக்கு வருவேன். நானே ஓட்டிவருகிறேன். ஹாலரன் வரமாட்டார், கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பேசுவது எதுவும் வெளியே போகாது. அதற்கு என் வாக்கு.

ஒரே ஒரு புகைப்படக்காரர் மட்டும் தன் காரில் பின்னால் வருவார். வாசல் கேட்டோடு சரி, உள்ளே வரமாட்டார். நான் வீடு திரும்புவதை ஒரு படம். அந்த விவாதத்துக்குப் பிறகு நான் வீட்டுக்குப் போனேனா என்று மாநிலம் முழுக்கக் கேட்கிறார்களாம். பத்து நிமிஷத்தில் போய்விடுவார். நீ வெளியே வரக்கூட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்காகத் தவித்திருக்கும்
ஆல்டன்


கோலெட் வீடு, ஷெர்ப்ரூக், கியூபெக்
செப்டம்பர் 19

அன்புள்ள ஆல்டன்,

அக்கா வீட்டில் இருக்கிறேன். சௌக்கியம். அலுவலகத்தில் நதீனின் மாமியார் என் இடத்தைப் பார்த்துக்கொள்கிறார். பூனைக்கு ரேமண்ட் சோறு வைப்பார்.

உன் கடிதத்தில் கேமரா வந்த இடத்தைப் படித்தபின்னும் நான் வீட்டில்தான் இருந்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டி கட்டவில்லை. பத்து நிமிஷம்தானே, ஜன்னலுக்குள் நின்று பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தலையைக்கூட வாரிக்கொண்டேன்.

நீ சரியாகப் பத்து மணிக்கு வந்தாய். புகைப்படக்காரர் அவர் காரிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார், இன்னும் தயாராகவில்லை. நீ அவருக்காகக் காத்திருக்காமல் இறங்கினாய். கோட்டை மறந்துவிட்டு, மறுபடி குனிந்து எடுத்து, ஒரு கை மட்டும் நுழைத்துக்கொண்டு, இன்னொரு கையை அப்படியே தொங்கவிட்டு நடந்தாய். கேட்டின் தாழ்ப்பாளை எந்தப் பக்கம் தள்ளுவது என்று உனக்கு மறந்துபோயிருந்தது. இழுத்தாய், தள்ளினாய். பிறகு தலையைத் தூக்கி மாடி ஜன்னலைப் பார்த்தாய். வாய் லேசாகத் திறந்திருந்தது. எங்கப்பாவிடம் என்னைப் பெண் கேட்டு வந்த அன்று உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தாயே, அதேபோல் துடைத்துக்கொண்டாய்.

நான் படியில் ஓடினேன், ஆல்டன். இந்த வயதில். வாசல் கதவின் பிடியில் கை வைத்துவிட்டேன்.

அப்போது அவர் குரல் கேட்டது. "சார், எதிர் வெயில் அடிக்குது. ஒண்ணும் நினைக்காம இன்னொரு தடவை கார்லேருந்து இறங்கி வர்றீங்களா?"

"தாராளமா" என்றாய்.

நான் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. கதவின் பக்கத்துச் சிறு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை இரண்டு கையையும் கோட்டில் நுழைத்துக்கொண்டு வந்தாய். ஜன்னலைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சிரித்துவிட்டாய். அவர் அதைச் சொன்னார். நீயும் ஒப்புக்கொண்டு திரும்பிப் போனாய். அடுத்த தடவை தாழ்ப்பாள் தடங்கலில்லாமல் திறந்தது. அதற்கடுத்த தடவை கேட்டைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றாய், மூச்சை உள்ளே இழுத்தாய், மெதுவாக மாடியைப் பார்த்தாய். மிக நன்றாக இருந்தது. நீண்ட நாள் ஏங்கிய ஒருவர் எப்படி வீட்டுக்கு வருவாரோ, அப்படியே.

"இது போதும் சார்" என்றார் அவர்.

நீ கதவைத் தட்டியது பின்கட்டில் எனக்குக் கேட்டது. கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ மூன்றாவது தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது குரல் தணிந்துதான் இருந்தது.

நவம்பரிலும் ஜெயிப்பாய் என்று தோன்றுகிறது. இனி நான் சொன்னதாக எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள், மறுக்கமாட்டேன். அவள் என்னைவிட நன்றாகப் பேசுகிறாள்.

ஆனால் முதலில் காரிலிருந்து இறங்கி வந்தாரே, ஒரு கையில் மட்டும் கோட்டு மாட்டியவர், அவருக்குத்தான் நான் கதவைத் திறக்க வந்தேன். அவர் காருக்குத் திரும்பிப் போனதைப் பார்த்தேன். மறுபடி இறங்கியதைப் பார்க்கவில்லை. எங்கேயாவது அவரைப் பார்த்தால் மேலே உள்ள முகவரியைக் கொடு. இங்கே கேட்டு கிடையாது. நேரே வாசலுக்கு வந்துவிடலாம்.

ஈவெட்